இரண்டு மொழிப் பலகை

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு எதிரே உள்ள தூணில், சில மாதங்கள் ஒரு பலகை இருந்தது. தமிழிலும் வங்காளத்திலும் மட்டும் எழுதிய பலகை. ஆங்கிலம் இல்லை, சீனமும் மலாயும் இல்லை. ரயில் கதவில் சாயாதீர்கள் என்பதைக்கூட நான்கு மொழிகளில் சொல்லும் ஊர் இது. ஆனால் வெளிநாட்டு ஊழியர்கள் ஞாயிறுதோறும் கூடும் தேக்காவை ஒட்டிய எங்கள் புளோக்கில், சொல்ல வேண்டியது யாருக்கென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"குடியிருப்போர் அல்லாதவர்கள் இங்கே கூடுவதும் உண்பதும் கூடாது. மீறுவோர் அப்புறப்படுத்தப்படுவர்."

அந்தத் தமிழ் நான் எழுதியது.

ஓய்வுபெறும்வரை நான் தமிழ்ச் செய்தி எழுதியவன். முதலில் வானொலி, பிறகு தொலைக்காட்சி. ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கி, நேரத்துக்குள் அடங்கும்படி வெட்டித் தர வேண்டும். வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முக்கியமானது முதல் வரியில் வரும். மற்றவை ஒவ்வொன்றாகக் கீழே போகும். நேரம் போதாவிட்டால் வாலிலிருந்து வெட்டுவோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எது தலை, எது வால் என்று முடிவு செய்தவன் நான். தேக்காவில் யாராவது குடித்துவிட்டுச் சண்டை போட்டால் "வெளிநாட்டு ஊழியர்" என்பது முதல் வரியிலேயே வந்துவிடும். அதே போன்ற ஒருவர் கால்வாயில் விழுந்த முதியவரைத் தூக்கிவிட்டால் "ஆடவர் ஒருவர்" என்று தொடங்குவேன். அவர் யார், எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் கடைசி வரியில் இருக்கும். பெரும்பாலும் அந்தக் கடைசி வரியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வினைச்சொற்களும் அப்படித்தான். ஆண்டிறுதித் தள்ளுபடிக்கு ஆர்ச்சர்ட் சாலையில் கூட்டம் சேர்ந்தால் மக்கள் "திரண்டார்கள்". ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூட்டம் சேர்ந்தால் ஊழியர்கள் "மொய்த்தார்கள்". அகதிகள் ஓட்டைப் படகில் ஏதோ ஒரு நாட்டின் கரைக்கு வந்து சேர்ந்தால் "படையெடுத்தார்கள்". கையில் ஒரு துணிமூட்டைகூட இல்லாதவர்களை நான் படை ஆக்கியிருக்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள். "சார், நம்ம ஆளுங்கன்னா திரளுறாங்க. அவங்கன்னா மொய்க்கிறாங்களா? ஈயா சார் அவங்க?"

"வினைச்சொல்லுக்கெல்லாம் பாஸ்போர்ட் பாத்துட்டு இருக்க முடியாதும்மா. மணி ஆவுது, அனுப்பு."

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அனுப்பிவிட்டாள்.

அப்படி எழுதச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஆங்கிலத்தில் வந்த செய்தியில் அந்தச் சொற்கள் பல நேரம் இருக்கவும் இல்லை. கேட்பவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும், அதற்குத் தமிழில் கொஞ்சம் சூடு வேண்டும் என்று நானே சேர்த்தவை. அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று ஓய்வுபெற்ற பிறகுதான், அதுவும் என் வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தந்த பெண் தெளிவாகச் சொல்லியிருந்தார்: தினமும் யாரிடமாவது பேச வேண்டும், பேசாவிட்டால் இருக்கிற சொற்களும் போய்விடும். வீட்டில் நான் மட்டும்தான். என்னிடம் அவளுக்குப் பேச என்ன இருக்கிறது? மருந்து, தண்ணீர், விசிறி.

ஞாயிறு மாலைகளில் அவளைச் சக்கர நாற்காலியில் கீழே அழைத்து வருவேன். கல்மேசைகளில் ஊழியர்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டும் ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டும் இருப்பார்கள். ஒருநாள் நாற்காலியின் முன்சக்கரம் வடிகால் மூடியின் கம்பி இடுக்கில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒரு மேசையிலிருந்து எழுந்து வந்தவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளை நாற்காலியோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

"பயந்துட்டீங்களாம்மா?"

"இல்ல" என்றாள். அவருடைய மேசையில் சாய்த்து வைத்திருந்த கைத்தொலைபேசியைப் பார்த்தாள். "நாடகமா?"

அப்படித்தான் தொடங்கியது. அவர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்தார். ஊரில் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இருந்தார்கள். வாரம் முழுவதும் விடுதி, பட்டறை; ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயிலேறித் தேக்காவுக்கு வருவார். என் மனைவி பார்க்கும் அதே தொடரைத்தான் அவரும் பார்த்துவந்தார். நோய்க்குப் பிறகு அதன் வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. நான் கதை சொன்னால் சுருக்கிவிடுவேன், தொழில் பழக்கம். அவர் சுருக்க மாட்டார்.

"மாமியா?" என்று தொடங்குவாள். நாடகத்து மாமியார் செத்துவிட்டாளா என்று கேட்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

"அது எங்கம்மா சாவும்? விஷத்தை அதுவே கலந்து அதுவே குடிச்சிருச்சு. பொழைச்சிருச்சு."

"அட."

"பொழைச்சதோட விட்டுச்சா? பழியத் தூக்கி மருமக தலையில போட்ருச்சு. டாக்டரும் அது பக்கம்."

"டாக்டரு... திருடன்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். எங்க வீட்டுல நம்ப மாட்டேங்குது. நல்லவராம், கண்ணாடி போட்டிருக்காராம்."

அவள் தோள் குலுங்கச் சிரிப்பாள். வாரம் முழுவதும் என்னிடம் பேசுவதைவிட அந்த ஒரு மாலையில் அதிகம் பேசினாள். திங்கட்கிழமை காலையில் என்னிடம்கூட ஒரு முழு வாக்கியம் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டில் பாய் இருக்கிறார். சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்த நாட்களில் ஒருநாள் மின்தூக்கியில் என்னிடம் சொன்னார். "அண்ணே, ஞாயித்துக்கெழமை பேரப்புள்ளைங்க கீழ வெளையாட முடியல லா. படையெடுத்துட்டானுங்க."

"உங்க வாப்பாவும் கப்பல் தளத்துல படுத்துக்கிட்டு வந்தவருதானே பாய்?"

"எங்க வாப்பா தனியா வந்தாங்க. இது கூட்டம்."

படையெடுத்துட்டானுங்க. அது எங்கிருந்து அவர் வாய்க்கு வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவர் கடையில் நாளெல்லாம் வானொலி ஓடும். செய்தி நேரத்தில் ஒலியைக் கூட்டி வைப்பார். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. மின்தூக்கி நின்றது, இறங்கிப் போனேன்.

அவரைப் போலவே இன்னும் பலர் புகார் செய்ய, வசிப்போர் குழு பலகை வைக்க முடிவு செய்தது. குழுவின் தலைவி ஓய்வுபெற்ற சீன ஆசிரியை, பொறுமைசாலி. அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்டினார். கணினி மொழிபெயர்த்த தமிழ். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடந்தது.

இந்த ஊர்த் தமிழர்களான எங்களுக்கு ஒரு நோய் உண்டு. பொதுப் பலகையில் தமிழ் சிதைந்திருந்தால் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவோம், கடிதம் எழுதுவோம், திருத்தும்வரை தூங்கமாட்டோம். அந்தப் பலகை என்ன சொல்கிறது என்பது எங்களுக்கு அப்புறம்தான். நானும் கொதித்துப்போனேன். அன்று மாலையே உட்கார்ந்து புதிதாக எழுதிக் கொடுத்தேன். குழு தந்த ஆங்கில மூலத்தில் "வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுவர்" என்றுதான் இருந்தது. அது நீளம், பலகையில் வரிகள் கொள்ளவில்லை. "அப்புறப்படுத்தப்படுவர்" என்று போட்டேன். கச்சிதமாக அமைந்தது. குப்பைக்கும் நடைபாதைப் பெட்டிகளுக்கும் நாங்கள் செய்தியில் போடும் சொல் அது.

குழுக் கூட்டத்தில் தலைவி எனக்கு நன்றி சொன்னார். பாய் தோளில் தட்டிக்கொடுத்தார்.

நாடகக் கதை சொல்லும் அந்த மனிதர் எனக்கு நினைவுக்கு வரவில்லையா என்று யாரும் கேட்கலாம். வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பலகை "அவர்களுக்கு". அவர்கள் என்றால் என் மனதில் ஒரு கூட்டம், முகமில்லாமல். அதில் அவர் இல்லை. அத்தனை ஆண்டுகள் அப்படி எழுதி எழுதி, கேட்டவர்களைவிட முதலில் நான்தான் அதை நம்பியிருக்கிறேன்.

பலகை வந்த முதல் ஞாயிறு அவர் வழக்கம்போல் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தார். குழு புதிதாக அமர்த்திய பாதுகாவலர் வந்தார். அடுத்த நாட்டு ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வரும் தமிழ் இளைஞர். அவரையெல்லாம் செய்தியில் நாங்கள் வெளிநாட்டு ஊழியர் என்று எழுதியதில்லை.

"அண்ணே, போர்டு பாக்கலியா? எழுந்திரிங்க."

"அம்மாகிட்ட பேசிட்டு இருக்கேங்க."

"வொர்க் பர்மிட்டக் காட்டுங்க." அட்டையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அங்கிள், உங்களுக்குத் தெரிஞ்சவரா? உங்க கெஸ்டுன்னா பரவால்ல, இருக்கட்டும்."

அதைவிட எளிதான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்றால் போதும். அடுத்த மேசையில் பாய் இருந்தார். குழுவைச் சேர்ந்த இருவர் தூணருகே நின்றிருந்தார்கள். பலகையை எழுதியவனே அதை மீறுகிறான் என்று நினைப்பார்களே என்ற கூச்சம் வந்தது.

"வெளிநாட்டு ஊழியர்தான்" என்றேன். "தொந்தரவு ஒன்னும் இல்ல."

அவர் பெயர் எனக்குத் தெரியும். மகள் எந்த வகுப்பு என்று தெரியும். எந்தத் தோளில் வலி, அதற்கு எந்தத் தைலம் என்று தெரியும். வாயில் வந்தது நான் முதல் வரியில் எழுதிப் பழகியதுதான்.

"அப்ப கெளம்புங்கண்ணே. இன்னொரு தடவை பாத்தா கம்பெனிக்குச் சொல்லிருவாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். "வரேம்மா. மாமியா கதைய அப்பறம் சொல்றேன்."

அடுத்த ஞாயிறு என் மனைவி மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் காலி. "தம்பி?"

"வேலை இருந்திருக்கும்" என்றேன்.

இன்னும் சில ஞாயிறுகள் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள். பிறகு தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டத் தொடங்கினாள். பயிற்சி தரும் பெண் "வீட்டில் யாரும் பேசுவதில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

பலகையை எடுக்கச் சொல்லித் தலைவியிடம் போனேன். "நீங்கள்தானே எழுதினீர்கள், அங்கிள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே அவருக்குக் குழப்பம். புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குப் போனேன், குழுவின் முடிவு என்றார்கள். அவர்களையே தொலைபேசியில் மறுபடி கேட்டேன், குழுவிடம் கேட்கச் சொன்னார்கள். மறுபடி குழுவிடம் போனேன், இந்த இரு மாதங்களில் புகாரே இல்லை, பலகை வேலை செய்கிறது என்றார்கள். என் மனைவியின் பேச்சு போவதற்குப் புகார்ப் படிவம் கிடையாது.

கடைசியில் பழைய செய்தி அறைக்கே எழுதினேன். அவர்களுடைய இணையப் பக்கத்தில் வாசகர் கருத்துப் போடுகிறார்கள். திரண்டார்கள், மொய்த்தார்கள், படையெடுத்தார்கள் எல்லாவற்றையும் எழுதி, கடைசிப் பத்தியில் அந்தப் பலகையின் தமிழ் என்னுடையது என்றும் எழுதினேன். வெளிவந்தது. கடைசிப் பத்தி இல்லை. பொறுப்பில் இருப்பவர், ஈயா சார் அவங்க என்று என்னைக் கேட்ட அதே பெண்தான்.

"இடம் பத்தல சார்" என்றார் தொலைபேசியில். "வாலுதானே சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

யார்மேல் கோபப்பட? படித்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். யாரோ இரக்கமில்லாமல் எழுதிய பலகையைத் தட்டிக்கேட்டிருக்கிறேனாம். கோப்பிக்கடையில் ஒருவர் என் கோப்பிக்குக் காசு கொடுத்தார். இல்லை, எழுதினவன் நான்தான் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் வேறு வழி தெரியாமல் ஒன்று சொன்னேன். பலகை இருந்துதான் ஆக வேண்டுமென்றால் நான்கு மொழிகளிலும் இருக்கட்டும். தலைவிக்கு அது நியாயமாகப் பட்டது. வங்காளத்தை எடுத்துவிட்டு, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று புதுப் பலகை வந்தது. சொன்ன விஷயம் அதேதான்.

ஒரு வாரம் தாங்கவில்லை. மாலையில் கீழே சதுரங்கம் ஆடும் சீனப் பெரியவர்களில் பாதிப்பேர் எதிர் புளோக்கில் இருப்பவர்கள். அவர்கள் தலைவியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கீழ்த்தளத்தில் மகள் கல்யாணத்தை வைத்திருந்த மூன்றாம் மாடி மலாய்க் குடும்பம், விருந்தினர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று கேட்டது. பாய் நேரே என் வீட்டுக்கு வந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் புக்கிட் மேராவில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே வருவார்கள்.

"ரொட்டி தின்னுக்கிட்டு இருந்த புள்ளைங்கள அப்புறப்படுத்துவாங்களாமா? குப்பையா அதுங்க? எவண்ணே எழுதினது இத?"

"நான்தான் பாய். தோள்ல தட்டிக் குடுத்தீங்களே."

"அது... அது அவனுங்களுக்கு லா."

செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் பலகை இல்லை. தூணில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் எத்தனை வாசல் ஏறியும் நடக்காதது, அந்த வாக்கியம் தங்கள் பக்கம் திரும்பியதும் ஒரே வாரத்தில் நடந்துவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சி வரவில்லை.

நாடகக் கதை சொன்னவரைத் தேடிப் போனேன். தொலைபேசி எண் வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றியதே இல்லை. ஞாயிறு மாலைத் தேக்காவில் ஒருவரைத் தேடுவதென்றால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். காய்கறி வாங்கும் முகம், வீடியோவில் குழந்தையைக் கொஞ்சும் முகம், தூங்கிவிட்ட முகம். சிலர் நான் முறைப்பதாக நினைத்து எழுந்து இடம் மாறினார்கள். மூன்றாவது ஞாயிறுதான், ரயில் நிலையத்தைத் தாண்டிய திடலில், புல்லில் பிளாஸ்டிக் விரித்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டேன்.

"வாங்கய்யா" என்று எழுந்தார். "அம்மா எப்படி இருக்காங்க?"

"பேச்சு கொறைஞ்சிருச்சு. போர்டை எடுத்தாச்சு, நீங்க வரலாம்."

"அந்தப் பக்கம் போனப்ப பாத்தேங்க. பர்மிட் ரினியூவல் வருதுங்கய்யா. அட்டையப் படம் புடிச்சு வச்சிருக்காங்க. எதுக்கு வம்பு?" கொஞ்சம் தள்ளி எனக்கும் இடம் விட்டார். "ஒன்னு சொல்லணும், அந்த போர்டுல தமிழ் நல்லா இருந்துச்சுங்க. மத்த எடத்துல என்ன சொல்றாங்கன்னே வெளங்காது. இது படிச்ச ஒடனே வெளங்கிருச்சு."

"நான்தான் எழுதுனேன்."

அவர் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து, குடிக்காமல் மறுபடி மூடினார்.

"அப்பவே எங்களத் தெரியுமேங்க உங்களுக்கு."

"தெரியும். அன்னைக்கு செக்யூரிட்டி கேட்டப்பவும் தெரியும். தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க."

"விடுங்கய்யா" என்றார். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. புட்டியைப் பையில் வைத்துவிட்டு, "நான் அங்க வர முடியாது. வேணும்னா அம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு தள்ளிக்கொண்டு போனேன். புல்லில் சக்கரம் உருளவில்லை. அவரும் அவருடைய கூட்டாளிகளும் நாற்காலியை நாலு பக்கமும் பிடித்துத் தூக்கிப்போய் நடுவில் வைத்தார்கள். அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. மறுபடி அசைந்தது.

"மா... மாமியா?"

"ஜெயிலுக்குப் போயிருச்சும்மா. அங்க போயும் ஆட்டம் அடங்கல. வார்டன கைக்குள்ள போட்டுக்கிச்சு."

சிரிக்க முயன்றாள். போன சொற்களில் எத்தனை திரும்பி வரும் என்று பயிற்சி தரும் பெண்ணால் சொல்ல முடியவில்லை. ஞாயிறுதோறும் போகிறோம். மழை வந்தால் திடலில் ஒதுங்க இடமில்லை. எங்கள் புளோக்கின் கல்மேசைகள் அந்நேரம் காலியாகக் கிடக்கும்.

ரோந்துக் காவலர்கள் திடலோரமாக நடந்து போகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். தெரிந்தவரா என்று அவர்களில் யாராவது கேட்டால் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.